பழிப்புக்காரன் வீடு

செத்தல் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தபோது மேரிசெலின் குசினி ஜன்னலைத் திறந்து கூப்பிட்டாள்.

“அப்பா, உலக்கையை நிப்பாட்டுங்கோ. ஆரோ ஒரு மனுசன் எல்லனிட மாட்டுக்கொட்டிலை அளந்துகொண்டு நிக்கிறான்.”

“அளந்தால் அளக்கட்டும் பிள்ளை. அளக்க அளக்கக் கொட்டில் சுருங்கியே போகும்?”

“கொம்மூன் ஆளோ தெரியாது. வெளியில வந்து நல்ல முகத்தோட நில்லுங்கோ.”

என்னிடம் இருப்பது ஒரு முகம்தான். அதைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன். மிளகாய்க் கையால் கழுவியதால் இரண்டு கண்ணாலும் தாரை தாரையாக வடிய, அப்படியே போய் அந்த டெனிஷ்காரருக்கு முன்னால் நின்றேன். அவர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார். போரினால் ஊரை விட்டு வந்த மனிதன், நினைத்து அழுகிறான் என்று எண்ணியிருக்கிறார். நானும் திருத்தவில்லை. ஒருவர் தானாகவே நம்மைப் பற்றி நல்லதாக நினைக்கும்போது குறுக்கே விழுவது மரியாதையல்ல.

இது எண்பத்தாறாம் ஆண்டு, இலைகள் கொட்டுகிற மாதம். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோவில் இருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு சின்னப் பட்டினத்தின் புறத்தே, எல்லன் என்ற விதவையின் பண்ணையில் கூலிக்காரர் முன்பு இருந்த வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். நாங்கள் என்றால் என் மகள் மேரிசெலின், மருமகன் பேதுரு, நான். என் பெயர் ஸ்ரனிஸ்லாஸ். தலைமன்னார் இறங்குதுறையில் கப்பல் ரிக்கற் கொடுத்து ஓய்வுபெற்றவன். ஒரு தடவை ஒரு யானைக்குச் சிறுவர் ரிக்கற் கொடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வயது ஆகவில்லை என்று பாகன் மாதா மேல் சத்தியம் செய்தான். நான் என்ன செய்வது?

இந்த வீட்டுக்கு வருமுன் முகாமில் இருந்தோம். இரண்டு பக்கமும் அறைகளாக ஒரு நீள நடை, நடையின் முடிவில் ஓர் அடுப்பு, அந்த அடுப்புக்கு எல்லாக் குடும்பமும் சொந்தக்காரர். கலியாணம் செய்து எத்தனையோ வருடம் கழித்து மேரிசெலினுக்கு வயிற்றில் தங்கியது அங்கேதான். பிள்ளையை அந்த நடையில் வைத்து வளர்க்கமாட்டேன் என்று அவள் ஒருநாள் அடுப்படியில் குந்தியிருந்து அழுதாள். அன்றே பேதுரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு தேடக் கிளம்பினான். பன்றி வெட்டும் தொழிற்சாலையில் அவனோடு வேலை செய்த ஒருவன்தான் எல்லனைக் காட்டிவிட்டான். எல்லன் சிரித்து யாரும் கண்டதில்லை. வீட்டைக் காட்டி, திறப்பைக் கொடுத்து, ஒரே ஒரு வசனம் சொன்னார்: “இந்தப் பண்ணையில் எதையும் வெட்டுவதற்கும் ஆணி அடிப்பதற்கும் முன்னால் என்னைக் கேட்க வேண்டும்.” முன்பு இருந்தவர்கள் கதவுகளைப் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டுப் போனார்களாம். இந்த வீடு போனால் வசந்தம் வரும்வரை வேறு வீடு இல்லை என்று கொம்மூன் என்கிற நகரசபையில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அந்த மனிதர் அளக்க வந்த அன்று பிள்ளை பிறப்பதற்கு ஒரு மாதம் இருந்தது.

முதல் ஞாயிறு எல்லனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். மேரிசெலின் நல்ல உறைப்பாக மீன் குழம்பு வைத்தாள். எல்லன் ஒரு வாய் சாப்பிட்டார், கரண்டியை வைத்தார், “தக்” என்று நன்றி சொன்னார், எழுந்து போய்விட்டார். வீடு போய்விட்டது என்றுதான் பேதுரு நினைத்தான். சிறிது நேரத்தில் ஒரு கூசாப் பாலுடன் திரும்பி வந்தார். நின்ற நிலையில் ஒரு கிளாஸ் குடித்தார், இருந்தார், தட்டில் மிச்சமிருந்ததையெல்லாம் சாப்பிட்டு முடித்தார். அதன்பிறகு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும்போதெல்லாம் பாலுடன்தான் வருவார். சிரிக்க மட்டும் மாட்டார்.

இனி உரலுக்கு வருகிறேன். பிள்ளைப்பேறு முடிந்ததும் பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் வேண்டும். அதைக் கடையில் விற்கிற கோப்பி அரைக்கிற மெசினில் அரைக்கலாம் என்று பேதுரு சொன்னான். மெசின் மிளகாயோடு கொஞ்சம் போராடியது. மல்லியோடு இருமியது. மஞ்சள் கட்டையைப் போட்டதும் மேசையை விட்டு எழும்பி, ஜன்னல் வரைக்கும் பறந்துபோய் உயிரை விட்டது. பறந்ததை நான் என் கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டிலில், மண்தரையில் பாதி புதைந்து கிடந்த அந்த மரத்தில் என் கண் விழுந்தது. கறுத்த, இரும்பு மாதிரி ஓக் மரம். மேற்பக்கத்தில் ஆழமாக ஒரு பொந்து. எந்தப் புண்ணியவானோ எனக்காகவே உளியால் தோண்டி வைத்ததுபோல இருந்தது. மூலைகள் மட்டும் சதுரம். தேங்காய் எண்ணெய் பூசி, இரண்டு நாள் உமி போட்டுக் குத்தினேன். பழைய சாமான் சந்தையில் வாங்கிய படகுத் துடுப்பின் தண்டுதான் உலக்கை. அருமையான உரல். ஒரே ஒரு குறை, மரத்தின் ஒரு தலைப்பு வாசலை மறித்துக்கொண்டு நீட்டி நின்றது. மேரிசெலின் வயிற்றோடு தடக்கி விழுவாள் என்று பயந்து அதை ஒரு முழம் அளவில் அரிந்துவிட்டேன். அரிந்த குத்தியை நிமிர்த்தி வைத்தால் வாசலில் இருக்க நல்ல இருக்கை.

எல்லனைக் கேட்டேனா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க நினைத்த அன்று அவர் மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்த மனிதரின் பெயர் ஹொல்கர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். மேரிசெலின் தேத்தண்ணி கொடுக்க, அவர் அந்த வாசல் குத்தியிலேயே அமர்ந்துகொண்டார். அவருடைய இங்கிலிஷும் என்னுடைய துறைமுக இங்கிலிஷும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று முட்டிவிட்டு ஒரு வழியில் ஓடத் தொடங்கின.

“நான் ஒரு வீட்டைத் தேடுகிறேன்” என்றார்.

“நாங்களும் தேடித்தான் வந்தனாங்கள். கொம்மூனில கேட்டியளோ?”

“அந்த வீடு காணாமல் போய் இருநூறு வருடத்துக்கு மேல்.”

பட்டினச் சதுக்கத்தில், இப்போது வங்கி நிற்கிற இடத்தில், ஒரு வியாபாரி ஐந்நூறு வருடத்துக்கு முன் மரச்சட்டத்தில் ஒரு வீடு கட்டினானாம். ஓக் மரத்தால் கூடு கட்டி, இடையில் களிமண் அப்பிய வீடு. அவனுக்கும் எதிர்வீட்டு நகரத் தலைவனுக்கும் ஏதோ கோபம். அதனால் வீட்டு மூலைத்தூணில் ஒரு முகத்தைச் செதுக்குவித்து, அது தலைவனின் ஜன்னலைப் பார்த்து நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டும்படி நிறுத்தினானாம். ஊரில் அதற்குப் பெயரே பழிப்புக்காரன் வீடு. பிறகு பட்டினம் ஒருமுறை தீப்பிடித்து எரிந்தது. வீடும் எரிந்ததென்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள்.

“எரியவில்லை” என்றார் ஹொல்கர். “நடந்துபோனது.”

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். நல்ல பொய்க்கு நான் எப்போதும் எழுந்து நிற்பவன். வீடு நடந்தது என்று இவ்வளவு சாதாரண முகத்தோடு சொல்கிற ஆளை என் வாழ்நாளில் கண்டதில்லை.

ஆனால் அவர் விளக்கம் வைத்திருந்தார். அந்த வீடுகளில் ஆணி கிடையாது. ஒரு மரத்தின் நாக்கு இன்னொரு மரத்தின் பொந்துக்குள் இறங்கும், குறுக்கே மரமுளை அடிப்பார்கள். முளையைக் கழற்றினால் வீட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றலாம். தீப்பிடிப்பதற்கு முன்பே யாரோ வீட்டைக் கழற்றி மரங்களைப் பண்ணைக்காரருக்கு விற்றுவிட்டார்கள். ஹொல்கர் தேடித் தேடி ஒரு தூணைப் பன்றிக்கூட்டில் கண்டுபிடித்தார், ஒன்றைக் கோழிக்கூட்டில், இன்னொன்றை ஒரு தேவாலயத்து மணிக்குக் கீழே. எந்த மரம் எந்த மரத்தோடு சேரும் என்று தெரிய, தச்சன் பொந்துக்குப் பக்கத்தில் உளியால் கோடு வெட்டியிருப்பான். இரண்டாம் தூணுக்கு இரண்டு கோடு, மூன்றாவதுக்கு மூன்று. எல்லாம் கிடைத்துவிட்டன. ஒரு கோட்டுத் தூண், அந்த மூலைத்தூண் மட்டும் இல்லை. அது இல்லாமல் மற்றதெல்லாம் வெறும் பழைய விறகு என்று பழம்பொருள்களைக் காட்சிக்கு வைக்கிற நூதனசாலைக் கமிற்றி சிரிக்கிறதாம்.

“தேடத் தொடங்கும்போது எனக்குத் தலைமயிர் இருந்தது” என்றார்.

பொந்துக்குப் பக்கத்தில் ஒரு கோடு. நான் தினமும் மிளகாய் இடிக்கும்போது பார்க்கிற கோடு. யாரோ கோடாலியைத் தவறவிட்டிருக்கிறான் என்று நினைத்திருந்த கோடு. அந்தத் தூணின் அரிந்த துண்டிலேதான் மனிதர் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார்.

“உங்கள் சின்னக் கொட்டிலையும் ஒருமுறை பார்க்கலாமா?” என்று கேட்டார்.

“இண்டைக்கு ஏலாது” என்றேன். “உள்ளுக்கு ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை வாருங்கோ.”

வேறு கேள்வி இல்லை. தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

மாலையில் பேதுரு வேலையால் வந்ததும் கொட்டிலுக்குள் ஒரு மாநாடு நடந்தது. பேதுரு நல்ல பிள்ளை. ஆனால் எதையும் முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு திரிகிறவன். அரிந்த தலைப்பைத் தடவித் தடவிப் பார்த்தான்.

“மாமா, இது ஐந்நூறு வருசத்துச் சாமான். பொலிசுக்காரர் பிடிச்சு மறியலில போடுவாங்களோ?”

“மறியல் நல்ல சூடாம். கேள்விப்பட்டனான்.”

“பகிடியை விடுங்கோ. எல்லன் அறிஞ்சால் வீடு போச்சுது. செலினை எங்க கொண்டுபோய் வைக்கிறது? உண்மையைச் சொல்லிப்போடுவம்.”

“உண்மை எப்பவும் கையில இருக்கிற சாமான்தானே மகன். அவசரமில்லை. முதல் வேற ஏதும் சரிவருதோ எண்டு பாப்பம்.”

சரிவந்தது. சனிக்கிழமை காலை பொந்தின் மேல் ஒரு பிளாஸ்ரிக் தட்டைக் கவிழ்த்து மூடினேன். மரத்தின் மேல் மேரிசெலினின் பழைய சேலையை மடித்து விரித்தேன். அதன்மேல் மன்னாரில் இருந்து என் மடியிலேயே விமானத்தில் வந்த அந்தோனியார் சுரூபத்தை ஏற்றி, இரண்டு பக்கமும் மெழுகுதிரி வைத்தேன். உரல் பீடமாகிவிட்டது. மற்றவர்களின் சாமியின் மேல் கைவைக்கிற துணிவு டெனிஷ்காரருக்குக் கிடையாது என்பது என் கணக்கு.

மேரிசெலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். முகம் கறுத்துவிட்டது.

“அப்பா, அந்தோனியாரைப் பொய்ச்சாட்சிக்கு நிப்பாட்டாதேங்கோ. எனக்கு இன்னும் ஒரு மாசம்தான் கிடக்கு.”

“அவர் ஒண்டும் சொல்லமாட்டார் பிள்ளை. சும்மா நிப்பார்.”

“காணாமல் போனதை எடுத்துக் குடுக்கிறதுதானே அவரின்ர வேலை? அவரையே கொண்டுவந்து மறைக்க வைச்சிருக்கிறியள்!”

அது எனக்கு அந்த நேரம்வரை தோன்றவேயில்லை. வீட்டில் இருந்தது ஒரே சுரூபம். அகப்பட்டவரைத் தூக்கி வைத்தேன். வேறு ஆளைப் பார்க்க நேரமும் இல்லை. ஹொல்கரின் சைக்கிள் மணி கேட்டுவிட்டது.

ஹொல்கர் கொட்டில் வாசலில் தொப்பியைக் கழற்றினார். கூரை மரங்களுக்கு டோர்ச் அடித்துப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், பீடத்துப் பக்கம் மட்டும் கண்ணை வைக்காமல் மரியாதையாகச் சுற்றி வந்தார். ஒன்றுமில்லை. டோர்ச்சை அணைத்தார். நான் ஒரு பெருமூச்சு விட ஆயத்தமானேன்.

“இவர் யார்?” என்று கேட்டார்.

வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் நான் அப்படிப் பிறக்கவில்லை. “அந்தோனியார். காணாமல்போன சாமான் எல்லாம் எடுத்துக் குடுப்பார்” என்றேன்.

அவர் சுரூபத்தை வெகுநேரம் பார்த்தார். “லூதர் எங்களிடமிருந்து இந்தப் புனிதர்களையெல்லாம் எடுத்துவிட்டார். எல்லாவற்றையும் நாங்களே தேட வேண்டியிருக்கிறது. நானும் இவரைக் கேட்கலாமா?” பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, “இவருக்கு டெனிஷ் விளங்குமா?”

“முகாமில் எங்களோடு வகுப்புக்கு வந்தவர்தான்.”

எழுபது வயது மனிதர், மண்தரையில் முழங்காலில் இருந்தார். முழங்கால் சரிவராமல் ஒரு கையைச் சேலையின்மேல் ஊன்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, தொண்டைக்குள் ஏதோ கேட்டார். வாசலில் நின்ற மேரிசெலின் சிலுவை அடையாளம் போட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதைச் சொல்லவேண்டும். அந்த மனிதர் கேட்ட விதத்தில் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

உரலைச் சுற்றிக் கிடந்த ஒரு வாரத்து மிளகாய்த்தூள் அந்தச் சேலைக்குள் ஏறியிருந்தது. ஹொல்கர் ஒரு மூச்சு ஆழமாக எடுத்தார். பிறகு தும்மினார். சாதாரணத் தும்மல் இல்லை. இரண்டு மெழுகுதிரியும் அணைந்தன, எல்லனின் மாடுகள் கத்தின, கூரையில் இருந்த புறாக்கள் ஜேர்மனிப் பக்கம் பறந்துபோய்விட்டன. அந்தோனியார் தலைகுப்புறச் சரிந்தார். நான் பாய்ந்து அவரை நெஞ்சோடு பிடித்தேன். சேலை ஒரு பக்கம் போக, தட்டு உருண்டு போய் வாசலில் மேரிசெலினின் காலடியில் விழுந்து சுழன்று அடங்கியது.

பொந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு.

ஹொல்கர் குனிந்தார். விரலைப் பொந்துக்குள் விட்டார், சுவரைத் தடவினார், மரமுளைத் துளையைக் கண்டுபிடித்தார். கோட்டின் மேல் பெருவிரலை வைத்து அப்படியே இருந்தார். பிறகு அந்த விரலால் கண்ணைத் துடைத்தார். துடைத்திருக்கக் கூடாது. இரண்டு கண்ணாலும் ஓடத் தொடங்கியது. நான் அவர் தோளைத் தொட்டேன். எது மிளகாய்க் கண்ணீர், எது மற்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவரும் திருத்தவில்லை.

“அவர் கேட்டார், அந்தோனியார் குடுத்திட்டார்” என்றாள் மேரிசெலின். “இனி நீங்கள் வாயே திறக்கப்படாது அப்பா. நான் போய் எல்லனைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

“பொறு பிள்ளை...”

பொறுக்கவில்லை. வயிற்றை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, முற்றத்துச் சேற்றில் கால் புதையப் புதைய நடந்து போனாள். தன் பிள்ளைக்கு இருந்த ஒரே கூரையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள் என்று அவளுக்குத் தெரியும். பேதுரு அவளுக்குப் பின்னால் ஓடினான், பாதியில் நின்றான், திரும்பி வந்து என்னைப் பார்த்தான், மறுபடி ஓடினான்.

எல்லன் மாட்டுச்சாணிச் சப்பாத்தோடு வந்தார். ஹொல்கர் டெனிஷில் வேகமாக ஏதோ சொல்ல, கையைக் காட்டி நிறுத்தினார். மரத்தைப் பார்த்தார், பொந்தைப் பார்த்தார், அரிந்த தலைப்பில் கையை வைத்தார். அந்த இடம் மட்டும் புதிதாக, வெளிறிப்போய், ரொட்டி வெட்டியதுபோல் இருந்தது.

“யார் வெட்டியது?”

என்னிடம் மூன்று பதில்கள் ஆயத்தமாக இருந்தன. எலியைப் பற்றிய ஒன்று மிகவும் நல்லது. வாயைத் திறந்தேன். மேரிசெலின் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, அந்தோனியாரை என் கையிலிருந்து வாங்கித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். எலி போய்விட்டது.

“நான்” என்றேன்.

எல்லன் தலையை ஆட்டினார். பேதுரு மொழிபெயர்க்க மொழிபெயர்க்கத்தான் எனக்குப் புரிந்தது. அவருடைய கணவர் நாற்பது வருடமாக இந்தக் கட்டையின் மேல் வைத்துத்தான் விறகு பிளந்தாராம். கொட்டிலில் கிடக்கும் மரமெல்லாவற்றையும் குளிர்காலத்துக்கு அரிந்து தரும்படி போன மாதம் அயல் பண்ணைக்காரனிடம் எல்லனே சொல்லியிருந்தார். அவன் மரம் அரிகிற வாளோடு வந்தான். உள்ளே தொம் தொம் என்று சத்தம். யாரோ வேலையாக இருக்கிறார்கள், குழப்பக் கூடாது என்று திரும்பிப் போய்விட்டான். அடுத்த நாளும் வந்தான். அடுத்த நாளும் தொம் தொம். இந்த வெளிநாட்டுக்காரர் ஓய்வே எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டானாம்.

ஹொல்கர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தொம் தொம் இல்லாவிட்டால் இந்நேரம் அந்தத் தூண் சாம்பலாகியிருக்கும்.

“நான் முழுவதையும் எரிக்கப் பார்த்தேன். கிழவர் ஒரு முழம்தான் வெட்டியிருக்கிறார்” என்றார் எல்லன். பிறகு மேரிசெலினின் வயிற்றை, ஏதோ சினைமாட்டைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தார். “மேலறையில் ஜன்னலால் குளிர் வரும். பிள்ளை வருமுன் பலகை வைத்து அடிக்க வேண்டும். ஆணி என் வீட்டில் இருக்கிறது. கேட்கத் தேவையில்லை.”

பேதுரு இதை மொழிபெயர்க்க மறந்து அப்படியே நின்றான். நான்தான் அவனை இடித்தேன். அவன் சொன்னதும் மேரிசெலின் தரையில் குந்தினாள். நோவு வந்துவிட்டதோ என்று எல்லோரும் ஓடினோம். இல்லை, அழுதுகொண்டு சிரிக்கிறாள். முகாமின் அந்த நடை முழுவதும் அவளை விட்டு இறங்கிப் போவதை நான் பார்த்தேன்.

அதன்பிறகு தூணைப் புரட்டுவதென்று முடிவாயிற்று. உரலின் அடிப்பக்கம் மண்ணுக்குள் இருந்தது. அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஹொல்கர் பாரைக்கோலைக் கொடுக்க, பேதுரு நெம்ப, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லி மேற்பார்வை செய்தேன். மரம் முனகியது. மண் விட்டது. தூண் ஒரு பெரிய மிருகம் படுக்கை மாறுவதுபோல மெதுவாகப் புரண்டு கிடந்தது.

ஹொல்கர் ஈரத்துணியால் மண்ணைத் துடைத்தார். முதலில் ஒரு நெற்றி வந்தது, பிறகு பிதுங்கிய இரண்டு கண், பிறகு கொழுத்த கன்னம். பிறகு அகலத் திறந்த வாய். அந்த வாயிலிருந்து நாக்கு நாடிவரைக்கும் நீட்டிக்கொண்டிருந்தது. நகரத் தலைவனும் அவன் ஜன்னலும் போய் எவ்வளவோ காலம். இவன் இன்னும் நிறுத்தவில்லை. பொந்தின் அடியிலிருந்து ஒரு வெடிப்பு நேரே இவன் வாய்க்குள் இறங்கியிருந்தது. நான் இத்தனை நாளாக இடித்த செத்தல் மிளகாய் அதன் வழியே கசிந்து, ஈரமண்ணில் ஊறி, நாக்கு முழுவதும் செக்கச் செவேல் என்று சிவந்திருந்தது.

ஹொல்கர் துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பைத் துடைப்பதா விடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

எல்லன் குனிந்து அந்த முகத்தை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து, சேற்றில் மெதுவாக நடந்து தன் வீட்டுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு கிளாஸ் பால் இருந்தது. சிந்தாமல் கொண்டுவந்து, அந்த நாக்குக்கு முன்னால் மண்தரையில் வைத்தார்.